நான்கு துறைகளுக்கு நடுவே ஒரு குழந்தை

குத்தம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சி; ஒன்றியம் பூந்தமல்லி. ஒருபுறம் திருமழிசை, மறுபுறம் செம்பரம்பாக்கம் ஏரி. பெங்களூரு நெடுஞ்சாலை ஒட்டிச் செல்கிறது. ஆட்சியர் அலுவலகக் காரியம் என்றால் ஊர் மக்கள் மேற்கே திருவள்ளூர் போக வேண்டும். ஒன்றிய அலுவலகம், வட்டார வள மையம் என்றால் கிழக்கே பூந்தமல்லி. பெரிய மருத்துவம் என்றால் இன்னும் கிழக்கே கீழ்ப்பாக்கம், எழும்பூர். சுகாதாரத் துறையின் கணக்கில் பூந்தமல்லி தனி மாவட்டம். வருவாய்த் துறையின் கணக்கில் அது திருவள்ளூருக்குள் அடக்கம்.

பெரியவர்களுக்கு இந்த அலைச்சல் பழகிவிட்டது. இரண்டு வயதாகியும் கழுத்து நிற்காத, மூன்று வயதாகியும் வாய் பேசாத குழந்தைக்கு இதே அலைச்சலில் மாதங்கள் கழிகின்றன. முதல் ஆறு ஆண்டுகளில் போன மாதங்களைப் பிறகு ஈடுசெய்வது கடினம். மாற்றுத்திறன் கொண்ட சிறு குழந்தைகளுக்கு நம்மிடம் திட்டங்கள் குறைவில்லை. அவற்றை ஒரு குழந்தையின் பெயரில் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை என்பதே குறை. அந்தப் பொறுப்பை ஏற்கத் தகுந்த இடம் ஊராட்சி என்பதும், அதற்கான அதிகாரம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கணக்கில் வராத குழந்தைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகள்; அந்த வயதினரில் 1.24 விழுக்காடு. 2018-இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் குழந்தைகளை நேரடியாகப் பரிசோதித்தது. இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்டோரில் 9.2 விழுக்காட்டினருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதாக அது மதிப்பிட்டது.

இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை. நேரடியாக ஒப்பிடுவது முறையும் அல்ல. ஆனாலும் இடைவெளியின் அளவு ஒன்றைச் சொல்கிறது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது, வீட்டாருக்குத் தெரிந்த குறை மட்டுமே பதிவாகும். கால் சூம்பியிருந்தால் தெரியும். கண் தெரியாவிட்டால் தெரியும். காது மந்தம், ஆட்டிசம், அறிவுத்திறன் வளர்ச்சித் தாமதம், லேசான மூளை முடக்குவாதம் ஆகியவை மூன்று வயதுவரை ‘லேட்டா பேசும் பிள்ளை’, ‘சோம்பேறிப் பிள்ளை’ என்ற பெயரில் மறைந்திருக்கும். ‘இவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்’ என்று பாட்டி சொல்லும் ஆறுதலுக்குள் எத்தனையோ குழந்தைகளின் செவித்திறன் பரிசோதனை தள்ளிப்போகிறது.

தள்ளிப்போவதன் விலை பெரிது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட இலக்கு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் கருவி பொருத்தப்படுவதும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு ஆசிரியர் கவனித்துச் சொன்னால், அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும்.

கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது

கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி (ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம்) நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். குழுவில் இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் 30 நிலைகளை அவர்கள் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் குழந்தை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படும். அங்கே குழந்தைநல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். குத்தம்பாக்கம் அங்கன்வாடிக்கு வந்த குழு, இரண்டரை வயதுப் பெண் குழந்தையின் கால் விறைத்திருப்பதைக் கண்டு பரிந்துரைச் சீட்டு எழுதுகிறது. அம்மாவுக்குத் திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை; அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் உடன்செல்வோருக்கும் கட்டணமில்லை. எனவே டிக்கெட் செலவு பெரிய தடையில்லை. ஆனால் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போய்விடும். முதல் முறை போகிறார்கள். மூளை முடக்குவாதம் என்று உறுதியாகிறது. வாரம் இருமுறை பிசியோதெரபி என்கிறார்கள். மூன்றாவது வாரம் நின்றுபோகிறது.

இப்போது இந்தக் குழந்தை எங்கெங்கே பதிவாகியிருக்கிறது? மருத்துவக் குழுவின் பதிவேட்டில் ‘பரிந்துரைக்கப்பட்டது’. இடையீட்டு மையத்தில் ‘தொடர் வருகை இல்லை’. அங்கன்வாடியில் ‘எடைக் குறைவு’. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பெயரே இல்லை. பள்ளி வயது வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் இல்லை, சான்றிதழ் எடுக்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டார்கள். குழந்தை மட்டும் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது.

‘எடைக் குறைவு’ என்ற பதிவைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரின் கையில் இருக்கும் தீர்வு கூடுதல் சத்துமாவு. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மெல்லுவதும் விழுங்குவதுமே சிரமம். சத்துமாவு உருண்டையையோ முட்டையையோ கையில் கொடுத்தால் அது உள்ளே போகாது. எந்தப் பதத்தில் கரைக்க வேண்டும், தலையை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், எத்தனை மெதுவாக ஊட்ட வேண்டும் என்பதைக் கற்றுத்தருபவர் பேச்சுப் பயிற்சியாளர். அவர் சுகாதாரத் துறையில். சத்துமாவு சமூக நலத் துறையில். இருவரும் ஒருமுறை பேசிக்கொண்டால் எடை ஏறும். பேசிக்கொள்ள வைப்பது யாருடைய வேலையும் அல்ல.

சட்டம் விட்டுவைத்த ஆறு ஆண்டுகள்

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. மூன்று வயது முதலான முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது. செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆயினும் அதன் 31-ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில் தொடங்கி 18-இல் முடிகிறது. அதுவும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து ஆபத்துக்குரியவர்களை அடையாளம் காண வேண்டும் என்று 25-ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது. ஆக, ஆறு வயதுக்குக் கீழே பரிசோதனை கடமையாகவும் கல்வி விருப்பமாகவும் நிற்கின்றன.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வந்தது, 2023 நவம்பர் 28 அன்று ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை. குறைபாட்டின் அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே கவனித்தல், குழந்தையை அங்கன்வாடி நடவடிக்கைகளில் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணைநிற்றல், ஆஷா பணியாளர், துணைச் செவிலியர், மருத்துவக் குழு வழியாகப் பரிந்துரைத்தல் என்று மூன்று படிகள். நல்ல ஆவணம். தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். குத்தம்பாக்கம் போன்ற ஊரில் அந்தச் சுமை முழுவதும் கிராம சுகாதாரச் செவிலியர் தலையில் விழும். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, தொற்றா நோய்ப் பணிகள் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் அவர்.

அங்கன்வாடியும் அப்படித்தான். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று தமிழ்நாட்டில் 54,439 மையங்களாக விரிந்திருக்கிறது. முதன்மை மையத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். குறு மையத்தில் பணியாளர் மட்டும். சமையல், எடை, செயலியில் பதிவு, வீட்டுப் பார்வை, பாட்டு, கதை எல்லாம் இவர்கள் கையில். ‘சிறப்புக் குழந்தையையும் நீங்களே பாருங்கள்’ என்று இவர்களிடம் சொல்லிவிட்டுப் போவதை ஒருங்கிணைப்பு என்று அழைக்க முடியாது. உட்காரச் சரிந்த மூலை நாற்காலி ஒன்றும், வாரத்தில் ஒருநாள் வந்து செய்துகாட்ட ஒரு பயிற்றுநரும் இருந்தால் அதே பணியாளர் அதே குழந்தையை மற்ற பிள்ளைகளோடு பாட்டில் உட்காரவைப்பார்.

தமிழ்நாடு ஏற்கெனவே கற்ற பாடம்

சென்னையிலும் தென்காசியிலும் உள்ள சில நிறுவனங்கள் இதை வெகுகாலமாகச் செய்துகாட்டி வருகின்றன. காது கேளாத சிறு குழந்தைகளுக்காக 1969-இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, குழந்தையோடு தாயையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. 1985-இல் தொடங்கப்பட்டு இன்று வித்யாசாகர் என்று அறியப்படும் கோட்டூர்புரம் நிறுவனம் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் கல்வியில் தனித் தடம் பதித்தது. தியாகராய நகரில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், ஆறு வயது வரையிலான அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ‘உபநயன்’ என்ற படிப்படியான பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. அங்கே அம்மாவோ வீட்டில் வேறு ஒருவரோ குழந்தையோடு அமர்ந்து கற்றுக்கொள்வது பயிற்சியின் பகுதி.

குத்தம்பாக்கத்துக்கு அதிகம் பொருந்துவது தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தின் வழி. 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய இந்த அமைப்பு, உள்ளூர்ப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கும் கிராம மையங்களுக்கும் அனுப்புகிறது. பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் பின்னாலிருந்து வழிநடத்துகிறார்கள். குழந்தையின் மதிப்பீடும் இலக்கும் முன்னேற்றமும் கைப்பேசிச் செயலி ஒன்றில் தொடர்ந்து பதிவாகின்றன. வீட்டுக்கு வருபவர் ஒருவர். அவர் பின்னே நிபுணர் பலர். குடும்பம் எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும் என்ற கணக்கு ஒன்றாகச் சுருங்குகிறது.

அரசும் இந்தத் திசையில் நகரத் தொடங்கியிருக்கிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களை மக்களுக்கு அருகில் அமைத்து வருகிறது. முட்டுக்காட்டிலுள்ள தேசிய பல்வகைக் குறைபாடுகள் நிறுவனத்தில் 2021 ஜூனில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் திறக்கப்பட்டது. ஆனால் அது குத்தம்பாக்கத்துக்குச் சென்னையின் மறுகோடி. பூந்தமல்லியிலேயே பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியும், தேசிய பார்வைக் குறைபாட்டு நிறுவனத்தின் மண்டல மையமும் உண்டு. அருகில் நிபுணத்துவம் இருக்கிறது. ஒரு குழந்தையை அங்கே கொண்டுசேர்த்து, திரும்பி வந்ததும் ‘என்ன சொன்னார்கள்?’ என்று கேட்கும் ஆள்தான் இல்லை.

பெயர் சொல்லிப் பொறுப்பேற்றல்

அமெரிக்கா இந்தச் சிக்கலைச் சட்டத்தால் தீர்க்க முயன்றது. 1986-இல் அங்கு வந்த சட்டத்திருத்தத்தின் தொடர்ச்சியாக, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாமதம் கண்டறியப்பட்டால் குடும்பத்துக்கென ஒரு திட்டம் எழுதப்பட வேண்டும். பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் முதல் கூட்டம் நடக்க வேண்டும். திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். மூன்று வயது நிறைவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் அடுத்த கட்டத்துக்கான கலந்தாய்வு நடக்க வேண்டும். அந்நாட்டின் பணமும் பணியாளர் எண்ணிக்கையும் நமக்கில்லை. நாள்கெடுவுக்கும் பெயர்க்குறிப்புக்கும் பெரிய பணம் தேவையில்லை.

நமக்கு அதைவிட நெருக்கமான அடிப்படை ஒன்று இருக்கிறது. 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1992-இல் சேர்த்த பதினோராம் அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் உள்ளன. 17-ஆவது பொருள் பள்ளிக் கல்வி. 23-ஆவது சுகாதாரம். 25-ஆவது மகளிர், குழந்தைகள் மேம்பாடு. 26-ஆவது மாற்றுத்திறனாளிகள் நலன் உள்ளிட்ட சமூக நலம். மேலே ஒன்றையொன்று சந்திக்காத நான்கு துறைகளும் சந்திக்கும் ஒரே மேசை ஊராட்சியின் மேசை.

குத்தம்பாக்கம் இதற்குப் புதிய ஊரும் அல்ல. 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்த ரங்கசாமி இளங்கோ, கிராம சபையை முன்வைத்துத் திட்டமிட்ட ஊர் இது. சாதி கடந்து குடும்பங்களை இரட்டை வீடுகளில் அக்கம்பக்கமாக அமர்த்திய இவ்வூர்ச் சமத்துவபுரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. வீட்டையும் சாலையையும் குடிநீரையும் ஊரே கூடித் திட்டமிட முடிந்த இடத்தில், பத்தோ இருபதோ குழந்தைகளின் வளர்ச்சியைத் திட்டமிடுவது எட்டாத காரியம் அல்ல.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலாவது, தாய் சேய் நல அட்டையோடு இணைந்த சில பக்கங்கள். யார் பார்த்தார், என்ன சொன்னார், அடுத்து எங்கே, எப்போது என்பது மட்டும். அது அம்மாவின் கையில் இருக்க வேண்டும். துறைக்கொரு செயலியில் பூட்டிய தகவல் அடுத்த துறைக்குக் கிடைப்பதில்லை. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்து சில மாதங்களில் திரும்பும் குடும்பங்களும் திருவள்ளூர் மாவட்டத்தில் உண்டு. அவர்களோடு பயணிக்கக்கூடியது அந்த அட்டை ஒன்றே.

இரண்டாவது, பெயர் குறிக்கப்பட்ட ஒருங்கிணைப்பாளர். அங்கன்வாடிப் பணியாளரோ செவிலியரோ அல்லாத தனி ஆள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநராகவோ சமூக மறுவாழ்வுப் பணியாளராகவோ இருக்கலாம். 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் எல்லை முன்பருவக் கல்வியிலிருந்தே தொடங்குவதால், சிறப்புப் பயிற்றுநரை அங்கன்வாடிக்கு அனுப்பக் கொள்கைத் தடை இல்லை. அரசுப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோதே கல்வித் துறை அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

மூன்றாவது, மாதம் ஒரு கூடுகை. அங்கன்வாடியில் மாதந்தோறும் நடக்கும் கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாளன்று நான்கு துறையினரும் பெற்றோரும் ஒருமணி நேரம் அமர்ந்தால் போதும். ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் வாசிக்கலாம்: எத்தனை குழந்தைகள், எத்தனை பேருக்குப் பயிற்சி தொடர்கிறது, எத்தனை பேருக்கு நின்றுவிட்டது. பெயர் சபைக்கு வரக் கூடாது; அது குடும்பத்தின் உரிமை.

நான்காவது, சான்றிதழுக்குக் காத்திராமல் பயிற்சியைத் தொடங்குவது. சிறு குழந்தையின் நிலை மாறக்கூடியது என்பதால் தற்காலிகச் சான்றிதழே தருகிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளிட்ட சில வகையினருக்கு மாநில அரசு வழங்கும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்குச் சான்று தேவைதான். ஊட்டக் கற்றுத்தருவதற்குத் தேவையில்லை.

எதிர்வாதங்கள்

ஊராட்சியை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஆனால் அதே 2025-இல்தான் தமிழ்நாடு சட்டப்பேரவை, கிராம ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. ஒவ்வோர் ஊராட்சியிலும் அந்த இருக்கை உருவாகும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவரோ, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் வலியை அறிந்த ஒருவரோ மன்றத்தில் அமர்ந்தால், ‘இந்த மாதம் பயிற்சி நின்ற குழந்தைகள் எத்தனை?’ என்ற கேள்வி தானாக எழும்.

சிறு வயதிலேயே முத்திரை குத்திவிடுவோம் என்ற அச்சமும் உண்டு. பெயர் ஊர்ச் சபையில் ஒலிக்காமல், அட்டை அம்மாவிடம் இருந்து, குழந்தை மற்ற பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்தால் முத்திரை எங்கிருந்து விழும்? முத்திரை விழுவது, பிள்ளையை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பத்து வயதில் முதன்முறையாக வெளியே கொண்டுவரும்போது. எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி மட்டுமே போதும் என்றும் சொல்ல முடியாது. கடும் பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைக்குச் சிறப்பு மையமும் வீட்டுப் பயிற்சியும் தேவை. எந்தக் குழந்தைக்கு எது என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து முடிவுசெய்யத்தான் ஒருங்கிணைப்பாளர்.

ஊராட்சிச் செயலர், அங்கன்வாடி மேற்பார்வையாளர், கிராம சுகாதாரச் செவிலியர், வட்டாரச் சிறப்புப் பயிற்றுநர் ஆகிய நால்வரும் ஏற்கெனவே அரசிடம் சம்பளமோ மதிப்பூதியமோ பெறுகிறவர்கள். அவர்களை மாதம் ஒருநாள் ஒரே அங்கன்வாடியில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். திருவள்ளூர் மாவட்டம் அதைக் குத்தம்பாக்கத்தில் தொடங்கட்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும்: எங்கள் ஊரில் ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பொறுப்பாளர் யார்?